வரைபில் எதை அழிப்பது? எதை விடுவது?

சொல்லாற் சொல்லப் புகுந்தால் ஒரு பக்கம் வேண்டிய செய்தியை, ஒரு சாண் அகலத்தில் கண்ணுக்குக் காட்டிவிடுவது வரைபின் பெருமை. எண்களைப் பார்த்து மலைப்பவருங்கூடச் சலாகைகளின் உயரத்தைப் பார்த்துச் செய்தியை அறிந்துகொள்வர். ஆயினும், இன்று பள்ளிக்கூடச் சுவர்களிலும், அலுவலகக் கூடங்களிலும், பிள்ளைகளின் பயிற்சிக் கொப்பிகளிலும் நாம் காணும் வரைபுகளுட் பல, பார்ப்பவருக்கு உதவுவதை விடுத்து அவரைக் களைப்படையச் செய்கின்றன. வண்ணங்கள் கண்ணைப் பறிக்கின்றன, நிழல்கள் மயக்குகின்றன, பூவேலைகள் பெருகிக் கிடக்கின்றன. செய்தி மாத்திரம் எங்கோ ஒரு மூலையில் ஒதுங்கி நிற்கின்றது.

கரைக்கு வந்த வலையை மீனவர் உதறுவதை நம் தீவுகளில் அறியாதார் இல்லை. பாசியையும் சருகையும் நீக்கினாலன்றி மீன் எது, குப்பை எது என்று புலப்படாது. ஆனால், உதறுகின்ற வேகத்தில் மீனையும் சேர்த்துக் கடலில் வீசிவிடுபவன் நல்ல மீனவன் அல்லன். வரைபிலும் இவ்விரண்டும் வேண்டும். வேண்டாதவற்றை நீக்கத் துணியவேண்டும். வேண்டியவற்றைக் காக்கவும் தெரியவேண்டும். இவ்வாரம் இதனைப்பற்றிச் சிறிது ஆராய்வோம்.

எண்களைக் கோடாகவும் சலாகையாகவும் வரைந்து காட்டும் வழக்கத்தைப் பரப்பியவர்களுள் முதல்வராகப் போற்றப்படுபவர் ஸ்கொட்லாந்து தேசத்தவரான வில்லியம் பிளேபெயர். 1786ஆம் ஆண்டில் அவர் வெளியிட்ட வாணிப வரைபு நூலில் 44 படங்கள் இருந்தன. அவற்றுள் 43 படங்கள் காலப்போக்கைக் காட்டுவன. எஞ்சிய ஒன்று, ஸ்கொட்லாந்து 17 இடங்களுடன் ஓராண்டில் நடத்திய ஏற்றுமதி இறக்குமதியைச் சலாகைகளாற் காட்டுவது. பல ஆண்டுக் கணக்குக் கிடைக்காமையால், கிடைத்த ஓராண்டுக் கணக்கைக் கொண்டு கோடு வரையாமல், சலாகை என்னும் புதிய உருவத்தை அவர் கையாண்டார். இல்லாத கணக்கை இருப்பதாகக் காட்டாத அந்த நேர்மை, சலாகை வரைபின் பிறப்பிலேயே உள்ளது என்பதை நம் மாணவர்கள் நினைவிற் கொள்ளல் நன்று.

அக்காலத்துப் படங்கள் செப்புத் தகட்டிற் செதுக்கி அச்சிடப்பட்டவை. ஒரு கோடு மிகுதியாக வேண்டுமாயின் கையாற் செதுக்கவேண்டும். ஆகவே, உழைப்பே ஓரளவுக்குக் காவலாக நின்றது. இன்றோ கணினியில் ஒரு பொத்தானை அழுத்தினாற் போதும். கட்டக் கோடுகள், நிழல், முப்பரிமாணத் தோற்றம், பன்னிற வண்ணம் யாவும் கேளாமலே வந்து குவிகின்றன. கை உழைப்பு அன்று செய்த காவலை இன்று நம் அறிவுதான் செய்யவேண்டும்.

இக்காவலுக்கு ஓர் எளிய விதியை வகுத்தவர் அமெரிக்கப் பேராசிரியர் எட்வேர்ட் டஃப்டி. 1983ஆம் ஆண்டில் வெளியான தமது நூலில், வரைபுக்குச் செலவாகும் மையை அவர் இரு கூறாக்கினார். செய்தியைச் சொல்லும் மை ஒன்று. சொல்லாத மை மற்றொன்று. ஒரு கோட்டை அழித்தால் செய்தி குறையுமா என்று கேளுங்கள். குறையாதாயின், தக்க அளவுக்கு அதனை அழித்துவிடுங்கள் என்பது அவர் கூறியதன் சாரம். சொல்லாத மையால் வந்து சேரும் அலங்காரங்களை வரைபுக் குப்பை என்றே அவர் பெயரிட்டார்.

இவ்விதியை முதலில் நம் வீட்டுப் பிள்ளை வரையும் மழைவீழ்ச்சி வரைபிற் பொருத்திப் பார்ப்போம்.

யாழ்ப்பாணத்து மாத மழைவீழ்ச்சியைச் சலாகை வரைபாக வரைக என்பது புவியியல் மாணவருக்குப் பழகிய வினா. ஆர்வமுள்ள பிள்ளை என்ன செய்கிறது? பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு நிறம் தீட்டுகிறது. சலாகைகளைப் பெட்டிகள்போல முப்பரிமாணமாக அமைக்கிறது. பின்னணியில் முகிலும் குடையும் வரைகிறது. ஒவ்வொரு சலாகையின் தலையிலும் தசம தானத்துடன் எண்ணை எழுதி, அதே எண்களுக்காக இடப்புறத்து அச்சிலும் நெருக்கமாகக் கோடுகள் இடுகிறது. சுற்றிலும் இரட்டைக் கரை கட்டி முடிக்கிறது. உழைப்பு பெரிது, பாராட்டவேண்டியதே. ஆனால், பார்ப்பவருடைய கண் முதலிற் போய் நிற்பது குடையில்.

இனி ஒவ்வொன்றாக அழிப்போம். பன்னிரண்டு நிறம் எதனைச் சொல்கின்றது? மாதத்தின் பெயர் கீழே எழுதியிருக்கையில் நிறம் புதிதாக ஒன்றும் சொல்லவில்லை. ஆகவே ஒரே நிறம் போதும். முப்பரிமாணத் தோற்றம் எதனைச் சொல்கின்றது? ஒன்றும் சொல்லாததோடு தீங்கும் செய்கின்றது. பெட்டியின் முன் விளிம்பைப் பார்ப்பதா, பின் விளிம்பைப் பார்ப்பதா என்று கண் தடுமாறுகின்றது. உயர்ந்த சலாகையின் நிழல் அண்டையிலுள்ள குட்டைச் சலாகையை விழுங்கிவிடுகின்றது. அதனையும் நீக்குவோம். முகிலும் குடையும் போகட்டும். தலையில் எண் இருந்தால் அச்சுக் கோடுகள் வேண்டியதில்லை. அச்சுக் கோடுகள் இருந்தால் தலையில் எண் வேண்டியதில்லை. மழை மில்லிமீற்றரில் நூற்றுக்கணக்காகப் பெய்யும் மாதத்துக்குத் தசம தானம் எதற்கு? முழு எண்ணே போதும். இரட்டைக் கரையும் தொலையட்டும்.

இப்பொழுது தாளில் எஞ்சி நிற்பவை எவை? பன்னிரண்டு சலாகைகள், மாதங்களின் பெயர், மில்லிமீற்றர் என்னும் அலகு, எந்த இடம், எந்த ஆண்டு என்னும் தலைப்பு. இவ்வளவே. ஆனால், முன்பு புலப்படாத ஒன்று இப்பொழுது தெளிவாகப் புலப்படுகின்றது. ஒக்டோபர், நவம்பர், டிசம்பர் என்னும் மூன்று மாதங்களும் வடகீழ்ப் பருவக்காற்றின் புண்ணியத்தால் ஓங்கி நிற்கின்றன. ஜூன், ஜூலை மாதங்கள் தரையோடு தரையாகக் கிடக்கின்றன. இவ்விரண்டுக்கும் இடையே, ஏப்ரில் மாதத்தில் ஒரு சிறு மேடு தலைகாட்டுகின்றது. அதுவே சித்திரையிற் பெய்யும் சிறுமழை. நீண்ட வரட்சியை எதிர்நோக்கும் தீவுகளில், மாடு கன்று வளர்ப்போரும் குளத்து நீரை நம்பியிருப்போரும் அச்சிறு மேட்டின் அருமையை அறிவர். அலங்காரம் மறைத்திருந்தது அந்த மேட்டைத்தான்.

அடுத்து வட்ட வரைபுக்கு வருவோம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, காரைதீவு, நெடுந்தீவு, அனலைதீவு, எழுவைதீவு என்னும் சப்த தீவுகளின் நிலப்பரப்பை ஒப்பிட்டுக் காட்டவேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வட்டத்தை ஏழு துண்டாக்கி, ஏழு நிறம் தீட்டி, எந்நிறம் எத்தீவு என்பதை வலப்புறத்தில் ஒரு சிறு பெட்டியில் எழுதிவைப்பதே வழக்கம். பார்ப்பவரது கண், குறிகட்டுவானுக்கும் நயினாதீவுக்கும் இடையே ஓடும் படகைப்போல, வட்டத்துக்கும் பெட்டிக்கும் இடையே ஓடிக்கொண்டிருக்க வேண்டியதாகின்றது. எழுவைதீவின் துண்டோ நூலிழைபோல் மெலிந்து, நிறமே தெரியாது போகின்றது.

அமெரிக்க ஆராய்ச்சியாளரான கிளீவ்லண்ட், மக்கில் என்னும் இருவர் 1984ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்று இங்கே பயன்படும். ஒரே அடிக்கோட்டில் நிற்கும் புள்ளிகளையும் சலாகைகளையும் ஒப்பிடுவதிற் கண் மிகவும் திறமையுடையது. கோணங்களை ஒப்பிடுவதில் அத்துணைத் திறமை இல்லை. பரப்பளவை ஒப்பிடுவதில் இன்னும் குறைவு என்பது அவர்களுடைய முடிபு. ஆகவே, ஏழு தீவுகளையும் ஏழு சலாகைகளாகக் கிடையாக வரைந்து, பெரியதை மேலும் சிறியதைக் கீழுமாக அடுக்கி, ஒவ்வொரு தீவின் பெயரையும் அதனதன் சலாகையின் அருகிலேயே எழுதிவிட்டாற் போதும். விளக்கப் பெட்டி தானாகவே வேண்டாததாகிவிடும். ஆறு நிறமும் மிச்சம். எழுவைதீவும் தன் சிறிய அளவோடு, ஆனால் தன் பெயரோடு, தெளிவாக நிற்கும்.

இதுவரை அழிப்பதைப் பற்றியே பேசினோம். இனி, மிகையானதுபோலத் தோன்றியும் அழிக்கலாகாத ஒரு கோட்டைப்பற்றிப் பேசுவோம்.

நம் தீவுகளில் ஆறு இல்லை. மழைநீரே நிலத்துட் புகுந்து, சுண்ணாம்புக் கல்லின் இடுக்குகளிற் சேர்ந்து, கடல்நீரின்மேல் மிதக்கின்றது. நன்னீர் உவர்நீரிலும் சற்று இலேசானது ஆதலின் இவ்வாறு மிதத்தல் இயல்கின்றது. ஒல்லாந்தராகிய கைபன் என்பவரும், பின்னர் 1901இல் ஜேர்மனியராகிய ஹேர்ஸ்பேர்க் என்பவரும் இதற்கு ஒரு கணக்குக் கூறினர். நன்னீர் கடல்மட்டத்துக்கு மேலே ஓர் அடி உயர்ந்து நிற்குமாயின், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இருக்கும் என்பதே அது. நிலத்தின் தன்மைக்கேற்ப இது சற்று வேறுபடலாம்; ஆனால் கணக்கின் எச்சரிக்கை மாறுவதில்லை. மேலே ஓர் அடி நீர் நிலையாகத் தாழ்ந்தால், காலப்போக்கிற் கீழே உவர்நீர் 40 அடி எழும்பிவர இடமுண்டு.

கிணற்று நீர்மட்டம் மாதந்தோறும் ஏறி இறங்குவதை ஒரு மாணவன் கோட்டு வரைபாக வரைகிறான் என்க. நீல நிறத்தை அழிக்கலாம்; துலாவின் படத்தையும் வாளியின் படத்தையும் அழிக்கலாம்; கட்டக் கோடுகளை அழிக்கலாம். ஆனால், கடல்மட்டம் இது என்று காட்டும் ஒரு கிடைக்கோடு இருக்குமாயின் அதனைத் தொடலாகாது. நீர்மட்டக் கோட்டுக்கும் அக்கோட்டுக்கும் இடையிலுள்ள சிறு வெளியே அந்த ஊரின் குடிநீர்ச் செல்வம். மோட்டார் வைத்து அளவின்றி இறைப்பதா, நிறுத்துவதா என்று குடும்பத்தவர் முடிவு செய்யவேண்டியது அந்த வெளியைப் பார்த்தேயாம். கிடைக்கோடு இல்லாவிட்டால் நீர் அரையடி தாழ்ந்தது என்பது ஒரு வெறும் எண்; கோடு இருந்தால் அது ஓர் அபாய அறிவிப்பு. ஆகவே, கோடுகளைக் குறைப்பதே நோக்கம் என்று யாரும் எண்ணற்க. பொருளை வெளிப்படுத்துவதே நோக்கம். குறைப்பது அதற்கு ஒரு வழி.

நெடுந்தீவில் சாந்து பூசாமலே பவளக் கற்களை அடுக்கிக் கட்டிய மதில்களைக் காணலாம். அங்கே எந்தக் கல்லும் வீணாக வைக்கப்பட்டதன்று. ஒவ்வொன்றும் மற்றொன்றைத் தாங்குகின்றது. அழகுக்கென்று மேலே ஒரு பூவேலை இல்லை. ஆயினும் அடியிலுள்ள ஒரு கல்லைப் பிடுங்கினால் மதில் சரியும். நல்ல வரைபும் அத்தகையதே.

எந்தக் கல்லைப் பிடுங்கலாகாது என்பதற்கு, நம்மவர் வாழ்வோடு மிக நெருங்கிய ஓர் எடுத்துக்காட்டைக் கூறுவோம். அது குடித்தொகை வரைபு.

இலங்கையில் முதலாவது குடிசன மதிப்பீடு 1871இல் நடைபெற்றது. இருபதாம் நூற்றாண்டில் 1931, 1946, 1953, 1963, 1971, 1981 ஆகிய ஆண்டுகளில் மதிப்பீடுகள் நிகழ்ந்தன. இவ்வாண்டுகளுக்கு இடையிலுள்ள தூரத்தைக் கவனியுங்கள். ஓரிடத்தில் 15 ஆண்டு. ஓரிடத்தில் 7 ஆண்டு. ஓரிடத்தில் 8 ஆண்டு. அதன்பின் போர் வந்தது. 2001இல் நாட்டின் பிற பகுதிகளில் நடந்த மதிப்பீடு யாழ்ப்பாண மாவட்டத்தில் முழுமையாக நடைபெற இயலவில்லை. ஆகவே 1981க்குப் பின் முழுமையான மதிப்பீடு என்று நாம் கொள்ளக்கூடியது 2012ஆம் ஆண்டினதே. இடையில் 31 ஆண்டுகள். அதன் பின்னர் 2024இலும் ஒரு மதிப்பீடு எடுக்கப்பட்டது.

இதனை வரைபாக்கும் ஒருவர், தாளின் அழகு கெடாதிருக்கவேண்டும் என்று எண்ணி, ஆண்டுகளைச் சம தூரத்தில் நிறுத்தி, புள்ளிகளையெல்லாம் ஒரே கோட்டால் இணைத்துவிட்டார் என்க. அடிக்குறிப்புகளையும் குப்பை என்று கருதி நீக்கிவிட்டார் என்க. வரைபு துப்புரவாகத்தான் இருக்கும். ஆனால் அது இரண்டு பொய்களைச் சொல்லும்.

முதலாவது பொய், எண்ணைப் பற்றியது. 1981ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அன்றைய யாழ்ப்பாண மாவட்டத்தின் குடித்தொகை 8 இலட்சத்து 30 ஆயிரத்துக்குச் சற்று அதிகம். 2012இல் அது ஏறத்தாழ 5 இலட்சத்து 83 ஆயிரம். இரண்டையும் நேரே ஒப்பிட்டால், நூற்றுக்கு 30 பேர் குறைந்ததாகத் தோன்றும். ஆனால், 1984ஆம் ஆண்டிற் கிளிநொச்சி தனி மாவட்டமாகப் பிரிக்கப்பட்டது. அப்பகுதியை விலக்கிப் பார்த்தால், 1981இல் இன்றைய யாழ்ப்பாண மாவட்டத்து எல்லைக்குள் இருந்தோர் 7 இலட்சத்து 38 ஆயிரத்துக்கு மேற்பட்டோர். அப்படியாயின் குறைவு நூற்றுக்கு 21. எல்லை மாறியது என்னும் ஒரு வரிக் குறிப்பை அழித்ததனால், ஏறத்தாழ 90 ஆயிரம் மக்கள் கணக்கில் மறைந்துபோகின்றனர். அக்குறிப்பு குப்பையா? அன்று. அது மதிலின் அடிக்கல்.

இரண்டாவது பொய், கோட்டைப் பற்றியது. 1981ஆம் ஆண்டுப் புள்ளியையும் 2012ஆம் ஆண்டுப் புள்ளியையும் ஒரு நேர்கோடு இணைக்குமாயின், ஊர் சிறிது சிறிதாக, ஆண்டுக்கு ஆண்டு ஒரே அளவாகக் குறைந்துவந்தது என்று அக்கோடு கூறும். நடந்தது அதுவா? 1990, 1991ஆம் ஆண்டுகளிலே ஊர்காவற்றுறை, வேலணை, புங்குடுதீவு முதலிய இடங்களிலிருந்து பெரும்பாலான குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஒரே இரவில் வெளியேற நேர்ந்தது. பின்னர்ச் சிலர் திரும்பினர். பலர் கடல் கடந்தனர். ஏறியும் இறங்கியும், நிறைந்தும் வெறுமையுற்றும் கழிந்த அந்த ஆண்டுகளை எண்ணிக் கணக்கிட ஆள் இல்லை. எண்ணாத ஆண்டுகளுக்கு எண்ணியதுபோலக் கோடு இழுப்பது, அக்குடும்பங்களின் வரலாற்றின்மேல் வெள்ளை பூசுவது போலாகும்.

ஆகவே, அங்கே செய்யவேண்டியது யாது? ஆண்டுகளை அவற்றின் உண்மையான தூரத்தில் நிறுத்தவேண்டும். 1981க்கும் 2012க்கும் இடையிலுள்ள 31 ஆண்டு வெளியை அதே அகலத்தில் விடவேண்டும். கோட்டை 1981இல் நிறுத்திவிட்டு, 2012இல் மீண்டும் ஒரு புள்ளியாகத் தொடங்கவேண்டும். இடைவெளியில், முழுமையான மதிப்பீடு நடைபெறவில்லை என்று ஒரு வரி எழுதினாற் போதும். படம் வரைபவர் வெற்றிடத்தைக் கண்டால் அஞ்சி, அதில் ஒரு பூவையோ ஒரு கோட்டையோ வரைந்துவிட விரும்புவது இயல்பு. ஆனால், சில வரைபுகளில் வெற்றிடமே தலையாய செய்தி.

இங்கு ஓர் ஐயம் எழலாம். படமும் வண்ணமும் முற்றிலும் தீயனவா? அப்படிச் சொல்வதற்கில்லை. கனடா தேசத்து ஆராய்ச்சியாளர் சிலர் 2010ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வொன்றில், சித்திர அலங்காரமுள்ள வரைபுகளையும் அலங்காரமற்ற வரைபுகளையும் மாணவர்களுக்குக் காட்டிச் சோதித்தனர். செய்தியை விளங்கிக்கொள்வதில் இரண்டுக்கும் பெரிய வேற்றுமை காணப்படவில்லை. சில வாரங்கள் கழித்துக் கேட்டபொழுது சித்திரமுள்ள வரைபுகளே கூடுதலாக நினைவில் நின்றன. எனவே, பொருளோடு இசைந்த ஒரு சித்திரம் நினைவுக்குத் துணைசெய்யலாம். பாலர் வகுப்பின் சுவரில் மழைவீழ்ச்சிப் படத்துக்கு அருகே ஒரு குடை இருப்பதை யாரும் குறைகூறார். ஆனால், அக்குடை சலாகையை மறைக்கலாகாது. சலாகையே குடையாக மாறி உயரமும் அகலமும் குழம்பலாகாது. ஒரு முடிவை எடுப்பதற்காகப் பார்க்கப்படும் வரைபில் இந்த எச்சரிக்கை இருமடங்கு வேண்டும்.

மாணவர்கள் மனத்திற் கொள்ளத்தக்க வகையில் முறையைச் சுருக்கிக் கூறுவோம். வரைபை முதலிற் பென்சிலால் வரைக. பின் ஒவ்வொரு கோட்டையும், ஒவ்வொரு நிறத்தையும், ஒவ்வொரு சொல்லையும் விரலால் மறைத்து, இது இல்லாவிட்டால் பார்ப்பவர் எதனை இழப்பார் என்று கேட்க. ஒன்றையும் இழக்காராயின் அழிப்பானை எடுக்க. இடம், ஆண்டு, அலகு, எல்லை, கணக்கு எங்கிருந்து பெறப்பட்டது என்னும் குறிப்பு ஆகிய ஐந்திலும் கை வையாதிருக்க. சலாகை வரைபாயின் அளவை பூச்சியத்திலிருந்தே தொடங்குக. ஏனெனில் அங்கே சலாகையின் முழு நீளமே செய்தி. கோட்டு வரைபிலே போக்கே செய்தியாதலின் பூச்சியத்தில் தொடங்குதல் கட்டாயமன்று; ஆனால் எங்கே தொடங்கியது என்பது தெளிவாகத் தெரியவேண்டும். கணக்கு இல்லாத இடத்தை வெறுமையாக விடுக.

இது பரீட்சைக்கு மாத்திரம் உரிய பாடமன்று. வீட்டிலே தாயார் மின்சாரப் பட்டியலின் மாதச் செலவை ஒரு தாளிற் குறித்து வைக்கலாம். தந்தையார் கிணற்று நீர்மட்டத்தைக் கயிற்றால் அளந்து குறித்து வைக்கலாம். பிள்ளைகள் அவற்றை வரைபாக்கலாம். எட்டு வயதுப் பேரனும் எண்பது வயதுப் பாட்டியும் ஒரே பார்வையில், நீர் தாழ்கிறதா, உயர்கிறதா என்று சொல்லக்கூடியதாக இருந்தால் அந்த வரைபு வெற்றிபெற்றது. சொல்ல முடியாதிருந்தால், பாட்டியிற் குறை இல்லை. தாளில் இன்னும் அழிக்கவேண்டியது ஏதோ இருக்கின்றது, அல்லது அழிக்கக்கூடாத ஒன்று அழிக்கப்பட்டுவிட்டது என்பதே பொருள்.

முற்றத்தைக் கூட்டிய பின்னரே கோலமிடுவது நம் இல்லங்களின் வழக்கம். சருகு கிடக்கும் முற்றத்தில் எத்துணை அழகிய கோலமும் எடுபடாது. ஆனால், கூட்டுகின்ற கை கோலப் புள்ளிகளையும் சேர்த்துக் கூட்டிவிடுவதில்லை.